அரசகரும உரைநடையும் எளிமையின் அரசியலும்

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆறுமுக நாவலரிலே (1822-1879) கால்கொண்டு, பத்திரிகை, நாவல், சிறுகதை, விமர்சனக் கட்டுரை என்னும் படிகளினூடாக நிகழ்காலத்தை வந்தடைவர். இவ்வரலாற்றில் என்றுமே இடம்பெறாத உரைநடை ஒன்றுண்டு. அரசு தன் மக்களை நோக்கி எழுதும் உரைநடையே அது. அறிவித்தல், விண்ணப்பப் படிவம், சுற்றுநிருபம், வர்த்தமானி, இப்பொழுது இவையனைத்தையும் தன்னுள் அடக்கிய அரசாங்க இணையத்தளம் என அது பலவாறு விரிந்து கிடக்கின்றது. வாழ்நாளில் ஒரு நாவலைத்தானும் தொட்டிராத ஒருவர் இவ்வுரைநடையை வாசித்தே ஆகவேண்டும். வாசிக்க இயலாதாயின் இன்னொருவரைக் கொண்டேனும் வாசிப்பித்தல் வேண்டும். கவிதையைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் இழப்பது அதிகமில்லை. இவ்வுரைநடையைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் ஒரு மாதத்து உணவை, சில வேளைகளில் பிரஜாவுரிமையையே இழக்கின்றார். அத்தகைய எழுத்தை இலக்கிய விமர்சனம் தன் எல்லைக்கு அப்பாற்பட்டதாகக் கருதி வந்திருப்பது தற்செயலன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அரசாங்க எழுத்து எளிமையாக அமைதல் வேண்டும் என்னும் கோரிக்கை இன்று பல நாடுகளில் அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவிலே 2010இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எளிமை நன்று என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருமித்து ஒப்புக்கொள்ளும் கருத்தொன்றைக் காணுமிடத்து, அந்த ஒருமிப்பினுள்ளே எந்த முரண்பாடு மூடப்பட்டுக் கிடக்கின்றது என வினவுதல் விமர்சகனின் கடமையாகும்.

பிரித்தானிய உதாரணம் இவ்வகையில் பெரிதும் பயன்படுவது. 1948இல் ஏர்னஸ்ட் கவர்ஸ் என்னும் உயர் அரசாங்க உத்தியோகத்தர், திறைசேரியின் வேண்டுகோளின்பேரில், அரசாங்க ஊழியர் எவ்வாறு எழுதவேண்டும் என்பது பற்றிச் சிறுநூலொன்றை வெளியிட்டார். காலம் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அதே ஆண்டு யூலை மாதத்திலேயே தேசிய காப்புறுதியும் தேசிய சுகாதார சேவையும் அங்கு நடைமுறைக்கு வந்தன. தொழிலாளர் குடும்பம் ஒவ்வொன்றோடும் அரசு கடிதத் தொடர்பு கொள்ளவேண்டிய நிலை, முன்னொருபோதும் இல்லாத அளவில், அப்பொழுதே தோன்றியது. எனவே எளிய நடை என்பது நல்லெண்ணம் படைத்த ஓர் உத்தியோகத்தரின் தனிப்பட்ட இரசனையிலிருந்து பிறந்ததன்று. தொழிலாளர் வர்க்கத்தின் நெடுங்காலப் போராட்டம் ஆளும் வர்க்கத்திடமிருந்து பெற்றெடுத்த நலன்புரி அரசு, தான் இயங்குவதற்கு அத்தகைய நடையை வேண்டி நின்றது.

கவர்ஸின் நூல் மேலிருந்து கீழ்நோக்கி வந்த அறிவுரை. கீழிருந்து எழுந்த குரல் 1979இலே கேட்டது. லிவர்பூல் நகரின் உழைக்கும் மக்களிடையே பிறந்து, பதின்ம வயதுவரை எழுத்தறிவு பெறும் வாய்ப்பற்றிருந்த கிறிஸ்ஸி மாஹர் என்னும் பெண்மணி, விளங்காத அரசாங்கப் படிவங்களை இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் மக்கள் முன்னிலையிலே துண்டு துண்டாக்கி, எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். ஆனால் அதே ஆண்டிலேதான் மார்கிரட் தட்சரும் ஆட்சிக்கு வந்தார். அவரது அரசாங்கம் 1982இல் நிருவாகப் படிவங்கள் பற்றி ஒரு வெள்ளையறிக்கையை வெளியிட்டது. மாஹர் கிழித்தெறிந்த படிவங்களைத் திருத்தியமைக்கும் வேலை இவ்வாறு அரச செலவைக் குறைக்கும் வேலையோடு கைகோத்துக்கொண்டது. கீழிருந்து எழுந்த கோரிக்கையை மேலிருப்போர் தமதாக்கிக்கொள்ளும் முறைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

இவ்விணைவின் முதிர்ச்சியை 2012 ஒக்டோபரில் தொடங்கப்பட்ட பிரித்தானிய அரசின் பொது இணையத்தளத்திலே காணலாம். திணைக்களங்கள் தத்தம் தளங்களிற் சிதறவிட்டிருந்த தகவல்கள் அங்கே ஓரிடத்திற் குவிக்கப்பட்டன. வாக்கியம் இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படலாகாது. ஒன்பது வயதுப் பிள்ளையும் வாசித்து விளங்கத்தக்கதாக எழுதுதல் வேண்டும். திணைக்களம் சொல்ல விரும்புவதையன்றி மக்கள் அறிய வேண்டியதையே எழுதுதல் வேண்டும் என்பன அதன் விதிகள். அவ்விதிகளைப் படிக்குந்தோறும் எமக்குப் பொறாமையே மிகுகின்றது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 2013இல் அவ்வாண்டின் சிறந்த வடிவமைப்புக்கான பரிசும் அத்தளத்துக்குக் கிடைத்தது. ஆனால் 2012ஆம் ஆண்டு நலன்புரிச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டுமாகும். உதவிப் பணம் வெட்டப்பட்டது, நிபந்தனைகள் இறுக்கப்பட்டன, முகங்கொடுத்துப் பேசும் கருமபீடத்தின் இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது. 2018 நவம்பரில் அங்கு சென்ற ஐக்கிய நாடுகள் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், உதவி தேவைப்படுவோரிற் பலர் இவ்விணையவழி முறையாலேயே ஒதுக்கப்படுவதைக் கண்டித்தார். உதவிப் பணம் நிறுத்தப்படும் என்னும் செய்தியை ஒன்பது வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளுமாறு எழுதிவிடலாம். விளங்கியதால் அப்பிள்ளையின் பசி குறைவதில்லை.

இதனைக்கொண்டு எளிமை என்பது வெறும் முதலாளித்துவ ஏமாற்று எனத் தீர்ப்பளிப்போமாயின் அது இயந்திரப் பாங்கான மார்க்சியமாகவே முடியும். தன் உதவிப் பணம் எவ்விதியின்கீழ், எவரால், எக்காரணத்துக்காக நிறுத்தப்பட்டது என்பதைத் தெளிவாக அறிந்தவள், எதனை எதிர்க்கவேண்டும் என்பதையும் அறிந்தவளாகின்றாள். 1843இல் ஹெகலின் அரசியற் கோட்பாட்டை விமர்சித்தபோதே, அதிகாரப் பணித்துறையின் உள்ளுயிர் இரகசியத்திலே தங்கியுள்ளது என மார்க்ஸ் இனங்கண்டிருந்தார். அரச நிருவாகத்தின் கணக்கும் கண்காணிப்பும் எழுத வாசிக்கத் தெரிந்த எவரும் செய்யத்தக்க எளிய வேலைகளாகிவிட்டன என்பது 1917இல் லெனின் 'அரசும் புரட்சியும்' நூலில் வற்புறுத்திய கருத்துக்களுள் ஒன்று. எனவே எளிமையை அவர்களிடம் விட்டுக்கொடுத்தல் எமக்குத் தகாது. அது எந்த உற்பத்தி நிலைமைகளில் எழுதப்படுகின்றது என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

இலங்கையின் நிலைமை அடிப்படையிலேயே வேறானது. இங்கு மொழி பற்றிய அரசியல் எழுபதாண்டுகளாக எந்த மொழி என்னும் வினாவையே சுற்றிச் சுழன்று வந்துள்ளது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இன் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது; 1988இன் பதினாறாவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் அதன் இடத்தை வரையறுத்தது. இப்போராட்டத்தின் நியாயத்தை இங்கு மீள எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த மொழி என்பதிலேயே முழுக்கவனமும் குவிந்தமையால், கிடைத்த தமிழ் எத்தகைய தமிழ் என்னும் வினா எழாமற் போயிற்று. தமிழிற் கிடைத்ததே பெரிது என்னும் மனநிலை எம்மிடம் படிந்துவிட்டது. தமிழில் எழுத்துப் பிழையோடு நிற்கும் பெயர்ப்பலகையைக் கண்டு கொதித்தெழும் நாம், பிழையற்ற எழுத்துக்களில் எவருக்கும் விளங்காதவாறு எழுதப்பட்ட படிவத்தைக் கண்டு கொதிப்பதில்லை.

எமது பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களின் இறுதிப் பிரிவு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டைக் கொண்டிருக்கும். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்பதே அது. இரு மொழிகளிலும் சட்டம் இயற்றப்படல் வேண்டும் என்று விதிக்கும் அரசியலமைப்பே, எவ்வுரை மேலோங்கும் என்பதைப் பாராளுமன்றம் தீர்மானிக்க இடமளித்துள்ளது. அரசியல்வாதிகள் இதனை இன உரிமைப் பிரச்சினையாக நோக்குவர், அது சரியே. ஆனால் இவ்வொரு வாக்கியம் தமிழ் உரைநடையின் உள்ளமைப்பையே தீர்மானிக்கின்றது என்பதை இலக்கிய மாணவர் கவனித்தல் வேண்டும். தன் உரை என்றும் இரண்டாந்தரமானது, முரண்படின் தோற்பது தனது வாக்கியமே என்பதை அறிந்த மொழிபெயர்ப்பாளர், வாக்கியத்தைப் பிரித்தெழுதத் துணியார். மூலத்திலே வினை இறுதியில் நின்றால் அவரும் இறுதியில் நிறுத்துவார். ஐந்து அடைகள் நின்றால் ஐந்தையும் அடுக்குவார். மூலத்தின் நிழலாக நிற்பதே அவருக்குப் பாதுகாப்பு. எளிமையாக எழுதுவதற்குப் பொருளைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் வேண்டும். அது அவரிடமில்லை.

பிரித்தானியத் தளத்தில் எழுதுவோர், கொள்கை வகுத்த உத்தியோகத்தரோடு கூடியிருந்து, இதன் கருத்து இதுதானா என வினவி எழுதுகின்றனர். இங்கோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யாவும் முடிந்து, கையொப்பமும் இடப்பட்ட பின்னரே பத்திரம் தமிழுக்கு வருகின்றது. மொழிபெயர்ப்பாளர் அத்திட்டத்தை வகுத்தவரையும் காண்பதில்லை. அதனால் வாழவோ வீழவோ இருப்பவரையும் காண்பதில்லை. தன் உழைப்பின் பொருளிலிருந்து அந்நியமாதல் என்பதற்கு ஆலைத் தொழிலாளியை மாத்திரமே நாம் உதாரணங் காட்டிவந்திருக்கிறோம்.

இவ்வுற்பத்தி முறை எத்தகைய வாக்கியத்தைப் பிறப்பிக்கின்றது என்பதைக் காண, பல அறிவித்தல்களின் பொது இயல்புகளைத் திரட்டி நாமே அமைத்த மாதிரியொன்றை நோக்கலாம்: "மேற்குறித்த நன்மையைப் பெற்றுக்கொள்ளும் பொருட்டு, தகைமையுடைய விண்ணப்பதாரிகளால் உரிய ஆவணங்களின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதிகள் சகிதம் பூரணப்படுத்தப்பட்ட விண்ணப்பப் படிவங்கள் குறித்த திகதிக்கு முன்னர் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரிடம் சமர்ப்பிக்கப்படல் வேண்டும் என்பதுடன், அவ்வாறு சமர்ப்பிக்கப்படாதவிடத்து விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பதும் இத்தால் அறியத்தரப்படுகின்றது."

இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழையில்லை. கடினமான சொல்லென ஒதுக்கத்தக்கதும் அதிகமில்லை. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. 'உரிய', 'குறித்த', 'சம்பந்தப்பட்ட' என்னும் மூன்று அடைகளை நோக்குக. எந்த ஆவணம், எந்தத் திகதி, எந்த உத்தியோகத்தர் என்பவற்றுள் ஒன்றையேனும் அவை கூறவில்லை. கூறியது போன்ற தோற்றத்தை மட்டும் தருகின்றன. நகரத்திலே தொழில் பார்க்கும் நடுத்தர வர்க்கத்தவருக்கு இவ்வடை ஒவ்வொன்றும் ஒரு தொலைபேசி அழைப்பு. தோட்டத்திலே நாட்கூலிக்குக் கொழுந்தெடுப்பவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு பஸ் பயணமும் ஒரு நாட் சம்பளமும். அடுத்து வினைகளை நோக்குக. சமர்ப்பிக்கப்படல், நிராகரிக்கப்படல், அறியத்தரப்படல் என யாவும் செயப்பாட்டு வினைகள். சமர்ப்பிக்க வேண்டியவரைச் சுட்ட 'விண்ணப்பதாரிகளால்' என்னும் கருத்தா வெளிப்படையாக நிற்கின்றது. நிராகரிப்பவர் யார்? அறியத்தருபவர் யார்? அங்கே கருத்தா இல்லை. கடமைக்குக் கருத்தா உண்டு, அதிகாரத்துக்குக் கருத்தா இல்லை. வாக்கியத்தின் இலக்கணம் அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவை இதனிலும் நேர்மையாகப் பிரதிபலிக்க முடியாது.

இதனை எளிமையாக எழுதிப் பார்க்கப் புகுந்தவுடன் உண்மை நிலை வெளிப்படும். 'இந்தப் பணத்தைப் பெற நீங்கள் மூன்று பத்திரங்களைக் கொண்டுவரவேண்டும்' எனத் தொடங்கினால், மூன்று எவை என்று சொல்லியாக வேண்டும். சொன்னபின், நான்காவது பத்திரத்தைக் கேட்டுத் திருப்பியனுப்பும் உரிமை கருமபீடத்தில் இருப்பவருக்கு இல்லாமற் போகும். 'உங்கள் விண்ணப்பத்தைப் பிரதேச செயலாளர் ஏற்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் தருவார்' என எழுதினால், அவர் தரத்தான் வேண்டும். எளிய வாக்கியம் எழுதியவரைக் கட்டுப்படுத்துகின்றது. சிக்கலான வாக்கியம் வாசிப்பவரைக் கட்டுப்படுத்துகின்றது. நிருவாகத் தமிழின் கடுமைக்கு மொழிபெயர்ப்பாளரின் அறியாமையே காரணம் என்போர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்வதில்லை.

இவ்விடத்து ஒரு மயக்கத்தையும் களைதல் வேண்டும். எளிமை என்றவுடன் தூய்மை என விளங்கிக்கொள்வோர் எம்மிடையே பலர். வடசொற்களைக் களைந்துவிட்டால் நிருவாகத் தமிழ் தெளிந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. வர்த்தமானி, சுற்றுநிருபம், சத்தியக்கடதாசி, சாரதி அனுமதிப்பத்திரம் என்பன வடமொழி வழியாகவும் பிற வழிகளாலும் வந்து இந்நாட்டு மக்களின் நாவிலே நிலைத்துவிட்ட சொற்கள். தமிழ்நாட்டில் இவற்றுக்கு நிகராக வழங்கும் அரசிதழ், சுற்றறிக்கை, பிரமாணப் பத்திரம், ஓட்டுநர் உரிமம் என்பன அங்கு எளியன. இங்கு அவற்றைப் புகுத்தினால் புதிய சுமைகள். வேலைக்கான விண்ணப்பத்துக்கு வர்த்தமானியைப் புரட்டிப் பழகிய இளைஞனுக்கு அச்சொல் அரிசி, பருப்புப் போன்றது. சொல்லின் எளிமையை அதன் வேர் தீர்மானிப்பதில்லை. அதனைப் பயன்படுத்தும் மக்களின் வாழ்க்கையே தீர்மானிக்கின்றது.

முற்போக்காளராகிய நாமும் இங்கு சுயவிமர்சனம் செய்தல் அவசியம். 1960களின் முற்பகுதியில் பண்டிதர்கள் இழிசனர் வழக்கு எனப் பழித்த மக்கள் பேச்சு, கடும் வாதப் பிரதிவாதங்களின் பின்னர் எமது சிறுகதையிலும் நாவலிலும் இடம்பிடித்தது. ஈழத்து இலக்கிய வரலாற்றில் அது ஒரு வெற்றி. அதன் பெருமையைக் குறைப்பது எமது நோக்கமன்று. ஆனால் அவ்வெற்றி கதைமாந்தரின் உரையாடலோடு நின்றுவிட்டது. கள்ளிறக்கும் தொழிலாளி தன் மொழியிற் பேசும் உரிமையைக் கதையிலே பெற்றான். அவன் கைநாட்டு வைத்த படிவம் பண்டிதரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமுமே விடப்பட்டது. புனைகதையின் யதார்த்தவாதத்துக்காகப் போராடியோர், மக்களின் வாழ்வை நேரடியாக ஆளும் உரைநடையைப் பற்றி ஒரு கட்டுரைதானும் எழுத நினையாதது ஏன்? எமது இலக்கியக் கோட்பாடு மார்க்சியமாக இருந்தபோதிலும், இலக்கியம் எது என்னும் எமது வரையறை பல்கலைக்கழகத் தமிழ்த் துறையினரின் பழைய வரையறையாகவே இருந்துவிட்டது. இதனைக் கூறும் இக்கட்டுரையாளரும் கலாநிதிப் பட்டத்துக்கு நாவல்களையே ஆராய்ந்தவர்.

படிவத்தின் வரலாறு இரத்தமற்றதன்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ், மலையகத் தொழிலாளர் தாம் 1946இற்கு முன்னர் பல்லாண்டுகள் தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்தமையைப் பத்திரங்கொண்டு நிறுவவேண்டியிருந்தது. ஆட்சிமொழி ஆங்கிலமாக இருந்த காலம் அது. லயன் அறையிலே பிறந்து அங்கேயே வளர்ந்த ஒருவரிடம் பிறப்புச் சான்றிதழையும் வதிவுச் சான்றையும் கேட்டனர். விண்ணப்பித்தோரில் பெரும்பான்மையோர் நிராகரிக்கப்பட்டனர். 2003இன் சட்டம்வரை அந்த நாடற்ற நிலையின் மிச்சம் தொடர்ந்தது.

அண்மைய உதாரணம் ஒன்று. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2023இல் 'அஸ்வெசும' என்னும் நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயரே சிங்களச் சொல். தமிழிலும் அவ்வாறே எழுதப்படுகின்றது. குடும்பங்கள் இருபத்திரண்டு குறிகாட்டிகளின் அடிப்படையிற் புள்ளியிடப்பட்டு நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. மாதக் கொடுப்பனவு 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபாவரை பிரிவுக்கேற்ப வேறுபட்டது. பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கானோர் முறையிட்டனர். முறையிடுவதற்கு இரு வழிகள் இருந்தன: மேன்முறையீடு, ஆட்சேபனை. தன் பெயர் விடுபட்டவரோ, பிழையான பிரிவில் இடப்பட்டவரோ செய்வது முன்னையது. பட்டியலில் உள்ள இன்னொருவர் தகுதியற்றவர் என அறிவிப்பது பின்னையது. பிரதேச செயலகமொன்றின் முன்றிலிலே நின்ற ஒரு தாய், தன் பெயர் விடுபட்டதற்கு ஆட்சேபனை தெரிவிக்க வந்திருப்பதாக எம்மிடம் கூறினார். தமிழ் அறிந்தவர் என்ற வகையில் அவர் கூறியதிற் பிழையேதுமில்லை. ஆனால் நிருவாகத்தின் அகராதியில் அச்சொல்லுக்குப் பொருள், அயலவரைக் காட்டிக்கொடுத்தல். வறியவரை வறியவர்க்கு எதிராக நிறுத்தும் ஏற்பாடு முழுவதும் ஒரு சொல்லினுள் அடங்கிக் கிடக்க, அதனைச் சாதாரணச் சொல்லென எண்ணி அவர் வரிசையில் நின்றார். முன்னாளிலே கச்சேரி வாசலில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்து பெட்டிசம் எழுதியவரின் இடத்தை இன்று கணினிக் கடைப் பையன் பிடித்துக்கொண்டுள்ளான். படிவத்தை அவன் நிரப்புகின்றான், கட்டணம் பெறுகின்றான், கடவுச்சொல்லையும் அவனே வைத்திருக்கின்றான். இணையத்தால் இடைத்தரகர் ஒழிவர் என்றனர். அவரது வயதுதான் குறைந்துள்ளது.

எளிய நடைக்கான விதிகள் யாவும் செயப்பாட்டு வினையைத் தவிர்க்குமாறு கூறும். நாமும் மேலே அவ்வினையைக் குற்றங்கூறினோம். ஆயினும் விதி தவறும் இடமொன்று எம் நாட்டிலுண்டு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. காணாமற்போதல் என்பது தன்வினை. எளிய சொல், குழந்தையும் அறிந்த சொல். பொருளைத் தொலைத்தாலும் ஆடு வழிதவறினாலும் நாம் அச்சொல்லையே ஆளுகின்றோம். ஆனால் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்திற் குந்திய தாய்மார், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் என்றே வற்புறுத்தி வந்துள்ளனர். அது பிறவினை; செயப்பாட்டு வடிவம்; நீளமானது; எளிய நடையின் எந்த விதிக்கும் அமையாதது. அதன் கருத்தாவை அவர்களும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கருத்தா உண்டு என்பதை அவ்வினை உரத்துச் சொல்லுகின்றது. மாதிரி அறிவித்தலில் அதிகாரத்தை மறைத்த அதே செயப்பாட்டு வினை, இங்கே மறைக்கப்பட்ட அதிகாரத்தைச் சுட்டுகின்றது. பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து ஆட்களைப் பாதுகாக்கும் சர்வதேசச் சமவாயத்துக்குச் செயல்வலு அளிக்கும் சட்டத்தை, 2018இன் 5ஆம் இலக்கச் சட்டமாக, இதே பாராளுமன்றமே இயற்றியது. அலுவலகத்தின் பெயர் மாறவில்லை. மகனைப் பற்றிய விபரங்களை எழுதிக் கொடுக்கச் செல்லும் தாய், அவன் தானாகவே போய்விட்டான் எனக் கூறும் தலைப்பின்கீழேயே அவனது பெயரை எழுதவேண்டியிருக்கின்றது.